நான் திறக்கவே இல்லை, படித்ததாகக் காட்டுகிறது: மெயில் தொல்லைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலைகள், பர்கூர் பக்கம் கிரானைட் அலுவலகங்கள், தர்மபுரியில் வரி ஆலோசகர்கள் என்று கணினி வேலைக்குப் போகும் இடங்களில் மெயில் பற்றி வரும் புகார் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. மெயில் போகவில்லை, வரவில்லை என்பது குறைவு. "வந்துச்சு, நான் பார்க்கல", "பார்த்தேன், அப்புறம் காணோம்", "நான் தொடவே இல்லைங்க, படிச்சதா காட்டுது" என்பவைதான் அதிகம். போய்ப் பார்த்தால் சர்வர் நன்றாக இருக்கும், நெட் நன்றாக இருக்கும். மென்பொருளில் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கும் ஒரு சின்ன வசதி, அந்த ஆள் மெயில் படிக்கும் முறையோடு மோதிக்கொண்டிருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி நேரத்தில் "உங்கள் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது சரியில்லை. பிறகு பதில் எழுத வேண்டியதைப் போல்டாகவே (படிக்காத மெயில் தெரியும் தடித்த எழுத்திலேயே) விட்டுவைப்பவர், பழைய மெயிலில் ஆரம்பித்து வரிசையாகப் படிப்பவர், ஓசூர் பஸ்ஸில் போனில் ஒரு கண் பார்த்துவிட்டு அலுவலகம் வந்து நிதானமாகப் படிப்பவர், இவர்கள் எல்லோரும் வருடக்கணக்காக அப்படியே வேலையை முடித்து வந்தவர்கள். ஒரு டிக்கை எடுத்தால் தீரும் விஷயத்துக்கு ஐம்பது வயதுக்காரர் தன் முறையை மாற்ற வேண்டியதில்லை. கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எந்த டிக், எங்கே இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன். டிக்கே இல்லாத இடங்களும் உண்டு, அங்கே மட்டும் மாற்று வழி சொல்கிறேன்.

எதையும் தொடும் முன் ஒரு சோதனை

யார் வேலை இது என்று முதலில் தெரிய வேண்டும். கணினியில் மெயில் மென்பொருளை மூடுங்கள், போனில் நெட்டை அணையுங்கள். வேறொரு முகவரியிலிருந்து உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிவிட்டு, பிரவுசரில் இன்பாக்ஸை மட்டும் பாருங்கள், மெயிலைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரம் கழித்தும் போல்டாகவே இருந்தால் போனில் நெட்டைப் போடுங்கள், மறுபடி பாருங்கள். அப்புறம் கணினி மென்பொருளைத் திறங்கள். எதைத் திறந்த பிறகு போல்டு போகிறதோ, அதன் அமைப்புகளில்தான் தேட வேண்டும். எதையும் திறப்பதற்கு முன்பே போல்டு போய்விட்டால், உங்கள் கணக்கை வேறு யாரோ, அல்லது வேறு ஏதோ ஒரு இயந்திரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் செட்டிங்ஸில் நாலைந்து இடத்தை ஒரே நேரத்தில் மாற்றினால், எது தீர்த்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று பிறகு சொல்லவே முடியாது.

"நான் திறக்கவே இல்லை, படித்ததாக மாறிவிடுகிறது"

பெரும்பாலும் காரணம், மெயில் பட்டியலுக்குக் கீழேயோ பக்கத்திலேயோ மெயிலின் உள்ளே இருப்பதைக் காட்டும் பகுதி, ரீடிங் பேன் என்பார்கள். பட்டியலில் ஒரு மெயில் மேல் நீங்கள் சும்மா நின்றாலே, அது அந்தப் பகுதியில் திறந்துவிடுகிறது, மென்பொருள் அதைப் படித்ததாகக் குறித்துவிடுகிறது. ஒரு மெயிலை டெலீட் செய்தால் தேர்வு தானாகவே அடுத்த மெயிலுக்குத் தாவுமே, அங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். குப்பை மெயில்களை வரிசையாக டெலீட் செய்துகொண்டே வருகிறோம், நடுவில் ஒரு நல்ல மெயில் வந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறோம், அதற்குள் அந்த நல்ல மெயிலின் போல்டு போய்விட்டிருக்கும். மாலையில் போல்டாக இருப்பவற்றை மட்டும் பார்ப்பவருக்கு அந்த மெயில் இல்லாத மாதிரிதான்.

தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் செட்டிங்ஸ், ஜெனரல் பக்கத்தில் ரீடிங் அண்ட் டிஸ்ப்ளே என்ற பகுதிக்குப் போங்கள். மெயிலைத் தானாகப் படித்ததாகக் குறிப்பதற்கு ஒரு டிக் இருக்கும், அதன் கீழே உடனே குறிப்பதா, இத்தனை விநாடி கழித்துக் குறிப்பதா என்று கேட்கும். போல்டை வேலைப் பட்டியலாக வைத்திருப்பவர்கள் அந்த டிக்கையே எடுத்துவிடலாம். அதன் பிறகு நீங்கள் எம் விசையைத் தட்டினால்தான் படித்ததாக மாறும், மறுபடி தட்டினால் படிக்காததாகத் திரும்பும். டிக் வேண்டும், ஆனால் அவசரம் வேண்டாம் என்பவர்கள் பத்து விநாடி போடுங்கள். உள்ளே காட்டும் பகுதியே வேண்டாம் என்றால் எஃப்8 தட்டினால் மறையும், மறுபடி தட்டினால் வரும்.

பழைய அவுட்லுக்கில் ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில், அதற்குள் ரீடிங் பேன். இங்கே இரண்டு டிக்குகள் உண்டு. ஒன்று, காட்டும் பகுதியில் பார்த்து இத்தனை விநாடி ஆனதும் குறிப்பது. இன்னொன்று, அடுத்த மெயிலுக்கு நகர்ந்ததும் குறிப்பது. முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை மறந்துவிட்டால் தொல்லை அப்படியே இருக்கும். புது அவுட்லுக்கில் இது செட்டிங்ஸ், மெயில், மெசேஜ் ஹேண்ட்லிங் என்ற இடத்தில் இருக்கிறது, தானாகக் குறிக்கவே வேண்டாம் என்ற தேர்வும் அங்கேயே உண்டு. எந்த அவுட்லுக்காக இருந்தாலும் கன்ட்ரோல் யூ தட்டினால் மறுபடி படிக்காததாக மாறும், இதை மட்டும் கற்றுக்கொடுத்தாலே பாதிப் பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

பிரவுசரில் ஜிமெயில் பார்ப்பவர்களுக்கு ரீடிங் பேன் போடாத வரை இந்தத் தொல்லை இல்லை. போட்டிருந்தால், எத்தனை விநாடியில் குறிப்பது என்ற கேள்வியும் செட்டிங்ஸில் சேர்ந்தே வரும், அதில் நெவர் என்பது ஒரு தேர்வு. மாற்றிய பிறகு பக்கத்தின் அடிவரை இறங்கி சேவ் சேஞ்சஸ் அழுத்த வேண்டும். ஜிமெயில் செட்டிங்ஸில் பல மாற்றங்கள் அதை அழுத்தாமல் பதிவாகாது. மாற்றினேன், மாறவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

"அலுவலகத்தில் நான் பார்ப்பதற்குள் வேறு யாரோ படித்துவிடுகிறார்கள்"

நம்ம ஊர் சிறு நிறுவனங்களில் முகவரி ஒன்று, பார்ப்பவர்கள் மூன்று பேர். முதலாளி போனில் பார்ப்பார், கணக்கர் கணினியில் பார்ப்பார், ஏற்றுமதி வேலையைக் கவனிக்கும் பெண் இன்னொரு கணினியில் பார்ப்பார். மெயிலைச் சர்வரிலேயே வைத்து எல்லாக் கருவியிலிருந்தும் பார்க்கும் ஐமேப் முறையில் 'படித்தது' என்ற குறி யாருடைய போனிலும் இல்லை, அது சர்வரில் அந்த மெயிலோடு ஒட்டி இருக்கிறது. 2003-ல் வந்த ஐமேப் விதி ஆவணத்திலும், 2021-ல் வந்த அதன் புதிய வடிவத்திலும் அந்தக் குறிக்கு 'சீன்' என்று பெயர். ஒரு பெட்டியில் ஒரு மெயிலுக்கு ஒரு குறிதான், ஆளுக்கு ஒன்று கிடையாது. மெயிலின் உள்ளடக்கத்தைச் சாதாரணமாகக் கேட்டு வாங்கினாலே அந்தக் குறி விழுந்துவிடும். குறி விழாமல் உள்ளே பார்க்க 'பீக்' என்று ஒரு தனி வழியும் அதே விதியில் இருக்கிறது. எந்த வழியில் கேட்பது என்பது மென்பொருள் எழுதியவர் கையில் இருக்கிறது, உங்கள் கையில் இல்லை.

ஆகவே இங்கே டிக் தேடிப் பயனில்லை. ஜிமெயிலாக இருந்தால் நல்ல வழி ஒன்று உண்டு. பாஸ்வேர்டை மூன்று பேருக்கும் கொடுப்பதை நிறுத்திவிட்டு, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பக்கம் போய், கிராண்ட் ஆக்சஸ் என்ற இடத்தில் மற்ற இருவரின் சொந்த ஜிமெயில் முகவரிகளைச் சேருங்கள். அங்கேயே, மற்றவர்கள் திறந்தால் படித்ததாகக் குறிப்பதா, படிக்காததாகவே விடுவதா என்று ஒரு கேள்வி இருக்கிறது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் கணக்கர் திறந்து பார்த்தாலும் முதலாளிக்குப் போல்டாகவே நிற்கும். பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருக்கும் என்பது கூடுதல் லாபம், வேலையை விட்டுப் போகிறவர் பின்னால் ஓட வேண்டாம்.

மற்ற மெயில் சேவைகளில், போல்டை நம்புவதை விட்டுவிட்டு நட்சத்திரம் அல்லது கொடியை நம்புங்கள். பதில் எழுத வேண்டியதற்கு யார் முதலில் பார்க்கிறாரோ அவர் நட்சத்திரம் போட வேண்டும், பதில் அனுப்பியவர் எடுக்க வேண்டும். இதுவும் சர்வரில்தான் இருக்கும், ஆனால் யாராவது கை வைத்தால் மட்டுமே மாறும், தானாக மாறாது.

யாருமே பார்க்கவில்லை, ஆனாலும் படித்ததாகக் காட்டுகிறது என்றால், மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறையைச் சந்தேகப்படுங்கள். எப்போதோ ஒரு கணினியில் பாப் வழியாக மெயில் இறக்கும்படி போட்டு வைத்திருப்பார்கள், அந்தக் கணினி இன்றைக்கும் ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும். ஜிமெயிலில் ஃபார்வர்டிங் அண்ட் பாப் ஐமேப் என்ற பக்கத்தில், பாப் வழியாக எடுத்த பிறகு ஜிமெயிலில் இருக்கும் பிரதியை என்ன செய்வது என்று கேட்டிருக்கும்: இன்பாக்ஸிலேயே வைப்பது, படித்ததாகக் குறிப்பது, ஆர்க்கைவ் செய்வது (அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து மட்டும் எடுத்துவிடுவது), டெலீட் செய்வது. அதை இன்பாக்ஸிலேயே வைக்கும்படி மாற்றுங்கள், பாப்பே வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள்.

"ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த மெயிலுக்குப் போய்விடுகிறது"

நீளமான மெயிலை ஸ்பேஸ் பாரால் தள்ளித் தள்ளிப் படிக்கும் பழக்கம் பிரவுசரிலிருந்து வந்தது. தண்டர்பேர்டில் மெயிலின் அடிக்கு வந்த பிறகு இன்னொரு தட்டு தட்டினால் அடுத்த படிக்காத மெயில் திறக்கும். பேஜ் டவுன் விசையைப் பயன்படுத்தினால் தாவாது. ஸ்பேஸ் பார்தான் வேண்டும் என்றால், முதல் அறிகுறியில் சொன்ன விநாடிக் கணக்கைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள், தவறித் தாவினாலும் போல்டு போகாமல் திரும்பி வந்துவிடலாம். அவுட்லுக்கில் அதே ரீடிங் பேன் பெட்டியில் சிங்கிள் கீ ரீடிங் என்று ஒரு டிக் இருக்கும், எடுத்துவிடுங்கள், தீர்ந்தது.

"பையர் அனுப்பியதாகச் சொல்கிறார், நான் பார்க்கவே இல்லை"

அதிக நஷ்டம் உண்டாக்குவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மாங்கூழ் சீசனில் வெளிநாட்டு பையர் (சரக்கு வாங்குபவர்) ஒருவர் காலையில் பெங்களூரா ரக மாங்கூழ் பிரிக்ஸ் (கூழின் இனிப்பு அளவு) 14 போதும் என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதியம் அதே மெயிலுக்கு அவரே பதில் போட்டு பிரிக்ஸ் 15 வேண்டும் என்கிறார். மாலையில் மறுபடி அதிலேயே, டிரம்மில் ஒட்டும் லேபிளில் ஒரு திருத்தம் சொல்கிறார். ஜிமெயிலில் இந்த மூன்றும் பட்டியலில் ஒரே வரிதான். வரியின் ஓரத்தில் ஒரு சின்ன எண் மட்டும் கூடியிருக்கும். மாலையில் திறந்தால், படிக்காதவை விரிந்தும் படித்தவை மடங்கியும் இருக்கும். இப்போது நடுவில் வந்ததை மதியம் முதலாளி போனில் திறந்து பார்த்திருந்தால், அது மடங்கிப் போயிருக்கும், அலுவலகத்தில் இருப்பவர் கண்ணில் லேபிள் திருத்தம் மட்டும் படும். பிரிக்ஸ் மாறிய விஷயம் யாருக்கும் தெரியாமல் கூழ் டிரம்முக்குள் போய்விடும். இதில் யாருடைய கவனக்குறைவும் இல்லை. ஒரு மெயிலுக்கு ஒரு வரி என்று கணக்கு வைத்துப் படிப்பவரும், ஒரு பேச்சுக்கு ஒரு வரி என்று அடுக்கும் மென்பொருளும் ஒரே அறையில் வேலை செய்கிறார்கள், அதுதான் காரணம்.

ஜிமெயிலில் செட்டிங்ஸ், ஜெனரல், கான்வர்சேஷன் வியூ ஆஃப், சேவ். ஒவ்வொரு மெயிலும் தனி வரியாக வரும், வந்த நேர வரிசையில். போனில் உள்ள ஜிமெயில் ஆப்பிலும் கணக்கின் அமைப்புகளுக்குள் இதே பெயரில் ஒரு டிக் உண்டு, அதையும் பார்த்துவிடுங்கள். அவுட்லுக்கில் வியூ பட்டியலில் ஷோ ஆஸ் கான்வர்சேஷன்ஸ் டிக்கை எடுங்கள். தண்டர்பேர்டில் இப்படி ஒன்றாகக் கட்டுவதற்கு த்ரெட் என்று பெயர், பட்டியலை அது இல்லாமல் வரிசைப்படுத்தலாம், த்ரெட் வேண்டும் ஆனால் எல்லாம் விரிந்தே இருக்கட்டும் என்றால் நட்சத்திரக் குறி விசையைத் தட்டினால் எல்லாம் விரியும்.

வியாபார மெயில் பார்ப்பவர்கள் கான்வர்சேஷனை அணைத்தே வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நண்பர்கள் பத்துப் பேர் பேசிக்கொள்ளும் மெயிலுக்கு அது நல்ல வசதி. ஒவ்வொரு மெயிலும் ஒரு ஆர்டர் மாற்றமாக இருக்கும் இடத்தில் அது ஆபத்து.

இதற்கு எதிர்ப்பக்கத்துப் புகாரும் உண்டு: சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வருகிறது. புது விஷயம் எழுத வேண்டியவர், முகவரி தேடச் சோம்பல்பட்டு, பழைய மெயில் ஒன்றை எடுத்து ரிப்ளை போட்டிருப்பார். எந்த மெயிலுக்கு இது பதில் என்ற அடையாளம் மெயிலின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்பட்டுவிடும், அதை வைத்துத்தான் மென்பொருள் ஒட்டுகிறது. அனுப்புகிறவரிடம் புது விஷயத்துக்குப் புது மெயில் போடச் சொல்லுங்கள். அவர் கேட்கமாட்டார் என்றால், கான்வர்சேஷனை அணைத்த பட்டியல்தான் உங்களைக் காப்பாற்றும்.

"மெயிலின் கடைசிப் பகுதி இல்லை"

மூன்று புள்ளி உள்ள ஒரு சின்னப் பொத்தான் மெயிலின் அடியில் இருக்கிறதா பாருங்கள். ஜிமெயில், முன்பே வந்த வரிகள் திரும்ப வந்தால் அவற்றை அந்தப் பொத்தானுக்குள் ஒளித்துவிடும். பழைய மெயிலையே மேற்கோளாக வைத்து அதற்குள் பதில் எழுதுபவர்களிடமிருந்து வரும் மெயிலிலும், தினமும் ஒரே தலைப்பில் ஒரே அமைப்பில் வரும் விலைப்பட்டியலிலும் இந்தத் தொல்லை வரும். நேற்றைய வரியும் இன்றைய வரியும் ஒன்றாக இருந்தால் இன்றைய மெயிலில் அது மறைந்திருக்கலாம். விலை மாறவில்லை என்பதும் ஒரு செய்திதானே, அதைப் பார்க்க வேண்டியவருக்கு அது வெற்றிடமாகத் தெரிகிறது. இங்கேயும் கான்வர்சேஷனை அணைப்பது பெரும்பாலும் உதவும்.

வேறொரு காரணம் அளவு. மெயிலின் உள்ளடக்கம் சுமார் 102 கேபிக்கு மேல் போனால் ஜிமெயில் மீதியை வெட்டிவிட்டு, முழு மெயிலையும் பார்க்க ஒரு இணைப்பு மட்டும் அடியில் வைக்கும். இணைத்த கோப்புகள் இந்தக் கணக்கில் வராது, எழுத்தும் அதன் அலங்காரமும்தான் கணக்கு. இதை அணைக்க அமைப்பு கிடையாது. அடிவரை போய்ப் பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு, அதே கணக்கைத் தண்டர்பேர்டில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், அது வெட்டாது.

"போனில் பார்த்தேன், அப்புறம் இன்பாக்ஸில் இல்லை"

விரலால் பக்கவாட்டில் தள்ளியிருப்பீர்கள். ஓடுகிற பஸ்ஸில் ஒரு கையால் பட்டியலை உருட்டும்போது இது நடப்பது சகஜம். ஜிமெயில் ஆப்பில் அப்படித் தள்ளினால் மெயில் ஆர்க்கைவுக்குப் போகும், அழிவதில்லை, ஆல் மெயிலில் இருக்கும். அதற்கு யாராவது பதில் போட்டால்தான் மறுபடி இன்பாக்ஸுக்கு வரும். ஆப்பின் செட்டிங்ஸில், ஜெனரல் செட்டிங்ஸ், ஸ்வைப் ஆக்‌ஷன்ஸ் என்ற இடத்தில் இரண்டு பக்கத்துக்கும் நன் என்று போட்டுவிடுங்கள். தள்ளும் வசதி பிடிக்கும் என்பவர்கள் ஒரு பக்கத்துக்கு மட்டும் படித்தது, படிக்காதது மாற்றும் வேலையைக் கொடுக்கலாம். பஸ்ஸில் பார்த்து அலுவலகத்தில் பதில் எழுதுபவருக்கு அது மிக நல்ல ஏற்பாடு: பார்த்தாயிற்று, ஒரு தள்ளு, மறுபடி போல்டு.

நோட்டிஃபிகேஷனிலேயே ஆர்க்கைவ் பொத்தான் வருவதையும் கவனியுங்கள். நோட்டிஃபிகேஷனைத் தள்ளி அகற்றுவதால் ஒன்றும் ஆகாது, அந்தப் பொத்தானில் விரல் பட்டால்தான் மெயில் நகரும்.

"மெயில் வந்த சத்தமே கேட்கவில்லை"

வந்திருக்கும், வேறு தட்டில். ஜிமெயில் 2013-ல் இன்பாக்ஸைப் பிரைமரி, சோஷியல், ப்ரமோஷன்ஸ், அப்டேட்ஸ் என்று பிரித்தது. பிரைமரிக்குப் போகாதவற்றுக்குப் போன் பெரும்பாலும் சத்தம் போடாது. வரித்துறை, வங்கி, துறைமுக ஏஜெண்ட் இவர்களின் தானியங்கி மெயில்கள் அப்டேட்ஸில் விழுந்துவிடும், இருபதாம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டியவர் அதைத் தாமதமாகப் பார்ப்பார். செட்டிங்ஸ், இன்பாக்ஸ், கேட்டகரிஸ் என்ற இடத்தில் எல்லா டிக்கையும் எடுத்தால் எல்லாம் ஒரே பட்டியலாகிவிடும். போல்டை வைத்து வேலை செய்பவர்கள் அங்கேயே இன்பாக்ஸ் டைப்பை அன்ரெட் ஃபர்ஸ்ட் என்று மாற்றிப் பாருங்கள், படிக்காதவை எல்லாம் மேலே தனியாக நிற்கும். அவுட்லுக்கில் இதன் பெயர் ஃபோகஸ்டு இன்பாக்ஸ், அதையும் அணைக்கலாம்.

"பழையதிலிருந்து படிக்க வேண்டும்"

பேரேடு பார்ப்பது போல மேலிருந்து கீழே தேதி வரிசையில் படிப்பவர்கள் இருக்கிறார்கள். தண்டர்பேர்டிலும் அவுட்லுக்கிலும் தேதித் தலைப்பை ஒருமுறை சொடுக்கினால் வரிசை தலைகீழாகும். ஜிமெயிலில் கான்வர்சேஷனுக்குள் பழையது மேலே, புதியது கீழே, அதை மாற்ற முடியாது. பட்டியலோ புதியது மேலே. இரண்டும் இரண்டு திசை என்பதால் இவர்களுக்கு ஜிமெயில் பக்கம் எப்போதும் சிரமம்தான், தண்டர்பேர்டு போட்டுக்கொடுப்பதே நல்லது.

"தமிழ் மெயில் எழுத்து பொடியாகத் தெரிகிறது"

தண்டர்பேர்டில் ஆங்கிலத்துக்கு எழுத்தைப் பெரிதாக்கியிருப்பீர்கள், தமிழுக்கு அது தனிக் கணக்கு. செட்டிங்ஸில் எழுத்துரு இருக்கும் இடத்தில் அட்வான்ஸ்டு அழுத்தி, எந்த எழுத்துக்கு என்று கேட்கும் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்து, அளவையும் குறைந்தபட்ச அளவையும் கூட்டுங்கள். இணைப்பாக வந்த கடிதம் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியது, அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் திறந்தால் படிக்க முடியும். மெயில் மென்பொருளில் என்ன மாற்றினாலும் அது சரியாகாது.

"அப்டேட் ஆனதும் எல்லாம் மாறிவிட்டது"

தண்டர்பேர்டு 2023-ல் 115-ஆம் பதிப்பில் முகத்தை நிறைய மாற்றியது. பட்டியல் ஒரு மெயிலுக்கு ஒரு வரியாக இல்லாமல், இரண்டு மூன்று வரி அட்டையாகத் தெரிந்தால், பட்டியலின் மேலே உள்ள காட்சி மாற்றும் பொத்தானை அழுத்தி டேபிள் வியூ என்று தேர்ந்தெடுங்கள், பழைய நெடுவரிசைகள் திரும்பிவிடும். நெடுவரிசைகளின் வலது ஓரத்தில் உள்ள சின்னப் பொத்தானில் உங்களுக்கு வேண்டியவற்றை மட்டும் டிக் போட்டுக்கொள்ளலாம். அதே பொத்தானில், இந்த அமைப்பை மற்ற ஃபோல்டர்களுக்கும் போடும் வழி இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் இன்பாக்ஸ் ஒரு மாதிரியும் மற்ற ஃபோல்டர்கள் வேறு மாதிரியும் இருக்கும். மேலே சொன்ன படித்ததாகக் குறிக்கும் டிக், த்ரெட் இரண்டையும் ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் ஒருமுறை திறந்து பாருங்கள், மாறியிருந்தால் பையரின் அடுத்த மெயில் வருவதற்குள் திருப்பிவிடலாம்.